ரவிக்கை முதல் ஜீன்ஸ் வரை



கார்த்திகை தீபத்தன்று மாலை அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். ஆணும் பெண்ணும் சரிபாதி என்பதற்கு இந்த ஊர் ஆண்டுக்கு ஒருமுறை கைகூப்புகிறது. மற்ற நாட்களில் ஆண் இப்படி இருக்க வேண்டும், பெண் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தருவது யார்? வீடு, பள்ளிக்கூடம், சினிமா, செய்தித்தாள், கைபேசி என்று வரிசையாகச் சொல்வோம். அந்த வரிசையில் சாதியைச் சேர்க்காவிட்டால் கணக்குத் தப்பிவிடும். இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

‘அடக்கமாக உடுத்து’ என்பது பெண்ணுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பாடம் சொல்லப்படவில்லை. திருவிதாங்கூரில் மார்பை மறைத்ததற்காகவே நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்றது அது. பெண்ணின் மானத்தைவிட, உடையில் தெரியும் ஏற்றத்தாழ்வே அரசுக்குப் பெரிதாக இருந்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து இராமநாதபுரம் பகுதிக்கு வருவோம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. இந்தியச் சாதிகள் குறித்த தம் நூலில் ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நாள் கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா என்பது இன்னொன்று.

இந்தப் பட்டியலைச் சற்று நின்று கவனியுங்கள். தமிழ்ப் பெண்ணின் இலக்கணம் என்று மேடையில் புகழப்பட்ட பூவும் மஞ்சளும் நம் பாட்டிகளுக்குக் குற்றம். ஆண்மைக்கு அடையாளமான சட்டை நம் பாட்டன்களுக்குக் குற்றம். ஆணாகவும் பெண்ணாகவும் தோன்றுவதே நமக்கு மறுக்கப்பட்டது. கூலி கொடுக்கும்போது மட்டும் ஆண், பெண் வேறுபாடு மறக்காமல் நினைவுக்கு வந்தது.

பிறகு இந்த வேலையைத் திரை எடுத்துக்கொண்டது. 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’ நகரத்து மனைவியை அடக்கும் கணவனைக் கொண்டாடியது. 1992இல் ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’ ஆகியவை வெளிவந்தன. தலைப்பிலேயே சாதி. ஊரைக் காக்கும் ஆண் என்றால் நிலமும் மீசையும் சாதிப் பெயரும் உள்ளவன் என்று அரங்கம் நிறைந்த கூட்டத்துக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கூட்டத்தில் நாமும் விசிலடித்தோம்.

நம் பக்கத்து மாவட்டம் தருமபுரி. சாதி மறுத்து ஒரு திருமணம் நடந்ததையடுத்து, 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட மூன்று ஊர்களில் தலித் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்த நாட்களில் அரசியல் மேடைகளில் எழுந்த குற்றச்சாட்டு எது தெரியுமா? நம் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்களாம். 1930இல் சட்டை, 2012இல் ஜீன்ஸ். ‘நாடகக் காதல்’ என்ற சொல்லைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சி விவாதங்களும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தச் சொல்லுக்குள் ஆண் ஏமாற்றுக்காரன். பெண்ணோ சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாத, சாதியின் சொத்து.

இதுவரை பிறரைப் பேசினேன். இனி நம்மைப் பற்றி. மறுக்கப்பட்ட மீசையை முறுக்குவது உரிமைதான். அந்த மீசையோடு ஆதிக்கச் சாதி ஆணின் அதிகாரத்தையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு விடுதலை என்று பெயரில்லை. ப.சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவலும் பாமாவின் ‘சங்கதி’யும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டுவிட்டன. ‘உள்வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா’ என்று முகம் சுளித்தவர்கள் நம்மிலும் உண்டு.

2023 ஜனவரி 30 அன்று, இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், பல பத்தாண்டுத் தடையை மீறி நம் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். அம்மாக்களும் அக்காக்களும் அதில் நடந்தார்கள். ஒரு கோயில் கதவைத் திறக்க அவர்கள் வரலாம் என்றால், நம் கூட்டங்களில் தலைமை ஏற்கவும் வரலாம். வயலில் சமக் கூலி கேட்கவும், மகள் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கவும் நம் தெருவிலேயே தடை இருக்கக் கூடாது. 1931இல் 2 அணா என்று எழுதியவர்கள் வேறு ஆட்கள். இன்று நம் வீட்டில் அந்த 2 அணாக் கணக்கை நடத்துவது யார் என்று, இங்கிருந்து போனதும் ஒவ்வொருவரும் கேட்டுப் பாருங்கள்.

ஜெய் பீம்.