காப்பித் தோட்டம் கண்டோம்

நம் காலனியில் விருந்தினர் எவர் வரினும் முதலில் அளிக்கப்பெறுவது ஒரு டம்ளர் காப்பியே. "நம் வீட்டுக் காப்பிக்கு ஈடு உண்டோ?" என்று பெருமை பேசாத இல்லமும் இல்லை. அப்பெருமையுடனேயே சென்ற தைத் திங்களில் சிக்மகளூர் மலைநாட்டிற்குக் குடும்பத்துடன் சென்றேன். திரும்புகையில் அது சற்றே அடங்கியிருந்தது.

அது அறுவடைக் காலம். ஓங்கிய மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு இடையே, செங்காப்பிப் பழங்களைப் பெண்கள் ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்று தமிழில் வினவினார். பாட்டன் காலத்தில் கூலி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பமாம்.

காப்பிச் செடியும் அவ்வாறு வந்து தங்கியதே. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் முஸ்லிம் பெரியார், ஏமன் நாட்டு மோக்காவிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து இம்மலையில் ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. மலையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். அந்நூற்றாண்டிலேயே தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கடல் கடந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களில் உழைத்தனர். 1869-இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலையே வீழ்த்த, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. இந்தியத் தோட்டங்களையும் அந்நோய் வாட்டியது. ஆயினும் இங்கே காப்பி பிழைத்தது. நோய் தாங்கும் வகைகளை ஆராய 1925-இல் பாலேஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையமும், தொழிலைப் பேணக் காப்பி வாரியம் 1942-இலும் ஏற்பட்டன.

தோட்டத்து வீட்டில் எங்களுக்கு அளித்தது 'பெல்லத காப்பி'. பெல்லம் என்பது நம் வெல்லமே. பாலின்றி, வெல்லம் இட்டுக் காய்ச்சிய கரிய பானம் அது. என் மகன், "பால் எங்கே?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். அவ்வீட்டம்மையார் நகைத்து, "காப்பியின் சுவை தெரியட்டும் என்றுதான் பால் சேர்ப்பதில்லை" என்றார். நான் நாணினேன். அருந்தியபின் பையனும் இன்னொரு டம்ளர் கேட்டான்.

அன்பர்களே, நம் முன்னோர் காலையில் அருந்தியது நீராகாரம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் காப்பி வீட்டிற்குள் நுழைந்தபோது, இது குடும்பத்தைக் கெடுக்கும் என்று பெரியோர் பலர் அஞ்சினர். அன்று அஞ்சியதையே இன்று மரபு என்கிறோம். ஆதலின், குடியேறிய ஊரார் அன்புடன் தரும் பானத்தை, 'நம் காப்பிபோல் இல்லை' என்று ஒதுக்காதிருப்போம். நம் டம்ளரில் உள்ளதும் ஒரு நாள் வேற்றூரிலிருந்து வந்ததே.