இன்வர்ட் நோட்டின் கடைசிக் கட்டம்

கோவை வட்டார நூற்பாலைகளில் பஞ்சு இன்வர்ட் நோட்டு என்று ஒன்று இருந்தது. கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். அது காலமாகிவிட்டது. இறந்த தேதி மில்லுக்கு மில் மாறும். எந்த நாளில் அங்கே ஈ.ஆர்.பி. மென்பொருள் ஓடத் தொடங்கியதோ அதுதான் தேதி. ஊருக்கு முதல் மில் வந்தது 1888-இல் என்பதால், செத்தது சின்ன வயசு என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

நோட்டு முழுவதற்கும் நான் அழப்போவதில்லை. தேதி, லாரி எண், பார்ட்டி, ஸ்டேஷன் (பஞ்சு வந்த ஊர்), ரகம், லாட், பேல், எடை, ஈரம், நீளம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாகக் குடியேறிவிட்டன. முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. வலது ஓரத்தில் இருந்த ரிமார்க்ஸ் கட்டம் மட்டும் வழியில் தவறிவிட்டது. மற்றக் கட்டங்கள் விரல் அகலம் என்றால் அது உள்ளங்கை அகலம் இருக்கும்.

அதில் எழுதியவர் செலக்டர். லாரி வந்ததும் லாட்டுக்குச் சில பேலைப் பிரிக்கச் சொல்வார். மேலாக இருக்கும் பஞ்சைத் தொடமாட்டார், கையை உள்ளே விட்டு எடுப்பார். உள்ளே கை ஜில்லென்றிருந்தால் ஜின்னிங்கில் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுத்த பிடியை முகர்ந்து பார்ப்பார். பிறகு இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுப்பார், மடிப்பார், மறுபடி இழுப்பார். குட்டை இழை உதிர்ந்து, மிச்சம் ஒரே வரிசையில் படிந்ததும் அதைக் கறுப்புத் துணிமேல் கிடத்தி நீளம் சொல்வார். இதற்குள் விரலில் பிசுக்கு ஒட்டியதா இல்லையா என்பதும் தெரிந்திருக்கும். வெள்ளை ஈயும் அசுவினியும் செடியில் விட்டுப்போகும் சர்க்கரைக் கசிவு அது. கையில் லேசாகத்தான் தெரியும். கார்டிங்கிலும் டிரா ஃபிரேம் ரோலரிலும் சுற்றிக்கொள்ளும்போதுதான் அதன் சுயரூபம்.

எல்லாம் பார்த்த பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதுவார்: “எடுக்கலாம். கொஞ்சம் பிசுக்கு. மொத்தமாகப் போடாதே, மிக்ஸிங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல.” “சங்கர்-6 என்கிறார்கள், பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை.” “லாரி மழையில் நின்றிருக்கிறது. மேலடுக்கைத் தனியாக வை.” இவை எதுவும் அங்கீகாரமும் அல்ல, நிராகரிப்பும் அல்ல. பஞ்சு வாங்கும் தொழிலில் முக்கால்வாசி அந்த நடுவிடத்தில்தான் நடக்கிறது. அக்டோபரில் சீசன் தொடங்கி முதல் பறிப்பில் வந்த அதே ஸ்டேஷன் பஞ்சு, கடைசிப் பறிப்பில் வேறு பஞ்சு. இழை முற்றியிருக்காது, குப்பை கூடியிருக்கும். ஆனாலும் வாங்கியாக வேண்டும், மில் ஓடியாக வேண்டும்.

அந்தக் கட்டத்தைக் கொன்றது பஞ்சை அளக்கும் ஹெச்.வி.ஐ. இயந்திரம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நியாயமில்லாத குற்றச்சாட்டு. நீளம், சீர்மை, வலு, மைக்ரோனேர் எனும் இழை நுண்மை, நிறம், குப்பை என்று அது அளப்பதை எந்தச் செலக்டரும் அவ்வளவு துல்லியமாக அளந்ததில்லை. மைக்ரோனேர் மாறுபட்ட லாட்டுகளை மேம்போக்காகக் கலந்துவிட்டு, திருப்பூரில் துணி சாயத்திலிருந்து வெளியே வந்ததும் பட்டை பட்டையாகத் தெரிகிறதே என்று தலையில் கை வைத்த மில்கள் நிறைய. அதை இயந்திரம் தடுத்தது. ஈரத்தையும் பிசுக்கையும் வாடையையும் அது அந்த ஆறில் சேர்ப்பதில்லை. அது அதன் தப்பு இல்லை.

சாவு நடந்தது ஒரு மீட்டிங் ரூமில். ஈ.ஆர்.பி. அமைக்க வந்த பையன் திரையில் பஞ்சின் ஐட்டம் மாஸ்டரைத் திறந்து, கொள்முதலுக்கு முன் பரிசோதனை கட்டாயம் என்ற கட்டத்தில் டிக் அடித்தான். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளில் அந்த டிக், எஸ்.ஏ.பி.யில் 01 என்ற பரிசோதனை வகை. பின்னதில் சரக்கு பரிசோதனை இருப்பில் போய் உட்காரும், முடிவு பதிவானால்தான் விடுதலை. அடுத்தது டெம்ப்ளேட்: எதெதைப் பார்க்க வேண்டும், குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு.

“மைக் எவ்வளவு போடட்டும் சார்?” என்று செலக்டரைக் கேட்டான்.

“3.8-லிருந்து 4.3 வரைக்கும் போடுங்க தம்பி. ஆனா கடைசிப் பறிப்புன்னா 3.6 வந்தாலும் எடுப்போமுங்க. அது ஸ்டேஷனப் பொறுத்ததுங்க.”

“சார், ஒரே நம்பர் சொல்லுங்க.”

சொன்னார். பிசுக்கு பற்றியும் வாடை பற்றியும் அவரும் பேச்செடுக்கவில்லை, பையனும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

மென்பொருளில் இடமில்லை என்று சொன்னால் பொய். பரிசோதனைப் படிவத்தின் அடியில் ரிமார்க்ஸ் பெட்டி இன்றும் இருக்கிறது. ஆனால் நிரப்பாவிட்டாலும் படிவம் போகும். நிரப்பினாலும் மிக்ஸிங் மேஸ்திரி பார்க்கும் ரிப்போர்ட்டில் அந்தப் பெட்டியை யாரும் சேர்க்கவில்லை. யாரும் படிக்காத இடத்தில் எத்தனை நாளைக்கு எழுதுவார்கள்? எண்ணாக இல்லாத ஒன்றையும் பரிசோதனை அளவாகச் சேர்க்கலாம். எண் என்ற டிக்கை எடுத்துவிட்டு “பிசுக்கு: இல்லை” என்று ஏற்கும் மதிப்பைக் கொடுத்தால் போதும். ஒரு நிமிட வேலை. அமைக்கும் நாளில் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் மரணச் சான்றிதழில் எழுத வேண்டிய காரணம்.

இறந்தவரின் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். அந்த நோட்டு உத்தமர் இல்லை. பஞ்சு மிக்ஸிங்குக்குப் போய் நூலாகவே ஆன பிறகு முன்தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. புரோக்கர் வேண்டியவராக இருந்தால் ரிமார்க்ஸ் கட்டம் ஊமையாகிவிடும், வேண்டாதவராக இருந்தால் வசைபாடும். திருப்பூரிலிருந்து புகார் வந்தால் எந்த லாட் என்று கண்டுபிடிக்க ஒருத்தர் நாள் முழுக்க உட்கார்ந்து பக்கம் புரட்டுவார். சில சமயம் அந்தப் பக்கமே இருக்காது. இன்று பேட்ச் எண்ணைத் தட்டினால் பார்ட்டியின் பெயர் வரை வருகிறது. பரிசோதனை முடியாமல் சரக்கை வரவு வைக்க விடாதே என்று அமைத்துவிட்டால், முதலாளியே போன் போட்டாலும் சிஸ்டம் நகராது. ஸ்டோர்ஸ்காரருக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் புதிய வீட்டில் புதிய பொய் பிறந்திருக்கிறது. எல்லைகள் திரையிலேயே பக்கத்தில் தெரிவதால், 3.7 வந்தால் இன்னொரு சாம்பிள் எடுக்கிறார்கள், அதுவும் 3.7 என்றால் இன்னொன்று. கடைசியில் பதிவாவது 3.81. வருடக் கணக்கைத் திறந்து பாருங்கள், எல்லைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே எண்கள் கூட்டம் போட்டு நிற்கும், கோட்டுக்கு வெளியே ஈ காக்கை இருக்காது. பழைய நோட்டில் 3.6 என்று எழுதி, ஏன் எடுத்தோம் என்று பக்கத்திலேயே எழுத இடம் இருந்தது.

வாரிசு உண்டு. செலக்டர் இப்போது மிக்ஸிங் மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்: “ஏனுங்க, நேத்து வந்த லாட்ட ஒரேடியாப் போட்ராதீங்க.” சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது, வேலையும் நடக்கிறது. ஆடிட்டர் கண்ணில் படாது, அடுத்த சீசனில் தேடினால் கிடைக்காது, போன் மாற்றினால் அதுவும் போச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் இதைக் கவனித்து, சென்ற சீசனுக்கு முன் டெம்ப்ளேட்டில் பிசுக்கு, வாடை, உள் ஈரம் என்று மூன்று வரி சேர்த்தார்கள். நல்ல காரியம். “இல்லை” என்பதைத் தவிர வேறெதைத் தேர்ந்தெடுத்தாலும் லாட் நிராகரிப்பாகிவிடும், சப்ளையருக்குத் தானாக மெயில் போய்விடும் என்று கூடவே அமைத்துவிட்டார்கள். சீசன் முழுக்க மூன்று வரியிலும் “இல்லை” என்றே பதிவாகியிருக்கிறது.