மரிக்கொழுந்து

மரிக்கொழுந்து சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, ஓராண்டு வாழும் நறுமணச் செடி. தவனம் என்றும் இதற்குப் பெயருண்டு. தாவரவியல் பெயர் ஆர்ட்டெமிசியா பேலன்ஸ். கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் பயிராகிறது.

தோற்றம்

முழங்கால் உயரத்துக்கு மேல் அரிதாகவே வளரும். நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகளின் மேல் சாம்பல் பூத்தாற்போல் வெண்மையான மென்மயிர் படர்ந்திருக்கும். பூக்கள் மஞ்சள் நிறத்தவை. பொத்தான் போன்ற ஒவ்வொரு சிறு கொத்திலும் பல நுண்பூக்கள் அடங்கியிருக்கும். கண்ணைக் கவரும் பூ அன்று. இலையை விரலிடையில் கசக்கினால் எழும் மணமே இதன் மதிப்பு.

தாவரவியல் பெயர்

லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் ஆர்ட்டெமிசியா என்ற பேரினப் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆனால் சொல் அதைவிட மிகப் பழையது. கிரேக்கத் தேவி ஆர்ட்டெமிஸின் பெயரோடு தொடர்புடையது. கன்னித் தெய்வமான அவள் வேட்டைக்கும் காட்டுக்கும் உரியவள். பிள்ளைப்பேற்றில் பெண்களைக் காப்பவளும் அவளே. கிரேக்கர் இந்தப் பேரினத்து மூலிகைகளைப் பெண்களின் நோய்களுக்குப் பயன்படுத்தியதால் தேவியின் பெயர் செடிக்கு வந்தது என்பது ஒரு விளக்கம்.

முதலாம் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் பிளினி இன்னொரு விளக்கத்தையும் பதிந்திருக்கிறார். காரியா நாட்டு மன்னன் மௌசோலசின் மனைவி ஆர்ட்டெமிசியா, முன்னர் 'பார்த்தெனிஸ்' எனப்பட்ட செடிக்குத் தன் பெயரைச் சூட்டினாள் என்பது அது. பார்த்தெனோஸ் என்றால் கிரேக்கத்தில் கன்னி. அரசியின் பெயரும் ஆர்ட்டெமிஸிலிருந்தே பிறந்தது என்பதால் எந்த விளக்கத்தை ஏற்றாலும் பெயர் தேவியிடமே போய்ச் சேர்கிறது.

கிரேக்கர் பெயரிட்டது இந்தச் செடிக்கு அன்று, அவர்கள் நாட்டில் வளர்ந்த அதன் உறவுச் செடிகளுக்கு. தென்னிந்தியச் செடி பின்னாளில் அதே பேரினத்தில் சேர்க்கப்பட்டது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வாலிக் இட்ட பெயரைத் தாவரவியலாளர் த கண்டோல் முறைப்படி வெளியிட்டார். 'பேலன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு வெளிறியது என்று பொருள்; இலையின் சாம்பல் நிறத்துக்குப் பொருத்தமான பெயர்.

இந்தியப் பெயர்கள்

தவனம் என்பது 'தமனக' என்ற வடசொல்லின் திரிபு. தமனம் என்றால் அடக்குதல். சிவனின் சினத்தில் பிறந்த பைரவன் தேவர்களை அடக்கினான்; சிவன் சொல்லால் மண்ணில் செடியானான் என்று அக்கினி புராணம் கூறுகிறது. ஆக, கிரேக்கப் பெயரைப் போலவே இந்தப் பெயருக்குள்ளும் ஒரு தெய்வக் கதை இருக்கிறது. தமிழில் 'மரு' மணத்தைக் குறிக்கும் சொல். மருக்கொழுந்து என்பதே மரிக்கொழுந்து என வழங்குகிறது. மரு அல்லது மருவு எனப்படும் வேறொரு மணச்செடியும் உண்டு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் உளர்.

மைசூரில்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் மல்லிகையும் கனகாம்பரமும் கட்டிய சரங்களுக்கு இடையே தவனம் பச்சையாகத் தெரியும்.   மல்லிகை வாடிய பிறகும் தவனத்தின் மணம் சரத்தில் தங்கியிருக்கும். சைத்ர மாதப் பௌர்ணமியைக் கன்னடர் 'தவனத ஹுண்ணிமெ' என்பார்கள். குளிர்காலத்தில் வளர்ந்த பயிர் அறுவடையான சில வாரங்களில் வரும் நாள் அது.

பயன்கள்

பூத்த நிலையில் அறுத்து, நிழலில் உலர்த்தி, நீராவியில் வடித்தால் தவன எண்ணெய் கிடைக்கும். 'தவனோன்' என்ற சேர்மம் அதன் முதன்மைக் கூறு. செடியின் இந்தியப் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. வாசனைத் திரவியங்களிலும் உணவு மணமூட்டிகளிலும் இந்த எண்ணெய் சேர்கிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியிலிருந்து கிடைப்பது. அதைக் கண்டறிந்த சீன அறிஞர் தூ யூயூ 2015-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.