குண்டு என்று யார் சொல்வது?

1969இல் நியூயார்க்கில் நாஃபா என்ற சங்கம் தொடங்கப்பட்டது. பருமனான தன் மனைவியை உலகம் நடத்திய விதம் கண்டு கொதித்த பில் ஃபேப்ரி என்ற பொறியாளர் அதைத் தொடங்கினார். அவர் குண்டானவர் அல்லர். பருமனானவர்கள் மீது அன்புள்ள எவரும் அதில் சேரலாம்.

அதன் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் இருந்த பெண்கள் சிலருக்கு இந்த அனுதாபம் போதவில்லை. அவர்கள் 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்ற குழுவாகத் திரண்டார்கள். வசைச்சொல்லையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். 1973இல் ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டெபரனும் எழுதிய அறிக்கை, உடம்பை இளைக்கவைப்பதாகச் சொல்லிக் காசு பார்க்கும் தொழில்களை எதிரி என்று அறிவித்தது. இனவெறி, வர்க்கம், ஆணாதிக்கம் ஆகியவற்றை எதிர்ப்போரோடு தங்களைச் சேர்த்துக்கொண்டது.

1974இல் பாடகி காஸ் எலியட் 32 வயதில் மாரடைப்பால் இறந்தார். சாண்ட்விச் தொண்டையில் அடைத்துச் செத்தார் என்று ஊர் சிரித்தது. அடுத்த மாதமே, லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பெண்கள் சமத்துவ நாள் விழா மேடையில் ஏறிய இக்குழுவினர், அந்தச் சாவுக்கு மருத்துவ உலகமே பொறுப்பு என்று குற்றம் சாட்டினார்கள்.

இன்று 'பாடி பாசிட்டிவிட்டி' எல்லாரையும் அழைக்கிறது. கண்ணாடி முன் வருந்தும் ஒல்லியான பெண்ணின் வலியும் பொய்யல்ல. ஆனால் அவளுக்குப் பேருந்து இருக்கை போதும். மருத்துவர் அவள் வயிற்றுவலியைக் கேட்பார். இவை மறுக்கப்படுபவளே அந்த இயக்கத்தைத் தொடங்கினாள். எல்லாரும் உள்ளே வரலாம். முதலில் பேசும் இடம் மட்டும் அவளுடையதாக இருக்க வேண்டும்.