பதினெட்டு நொடி மேட்ச்

கிரிக்கெட் பித்து பிடிச்ச நம்ம மக்களுக்கு கால்பந்து விதியைப் பத்திப் பேசினா கொட்டாவி வரும்னு தெரியும். இருந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாம விட மனசில்லை. நடுவர் செய்த ஒரே தவறு, பத்து வருஷ இடைவெளியில ரெண்டு இடத்துல நடந்தது. தீர்ப்பு மட்டும் வேற வேற.

முதல்ல விதி. பெனால்டி உதைக்கும்போது உதைக்கிறவரும் கோல்கீப்பரும் தவிர மத்தவங்க எல்லாம் பெட்டிக்கு வெளியே நிக்கணும். உதைக்கிற அணிக்காரர் யாராவது முந்திக்கிட்டு உள்ளே புகுந்துட்டா? 2024 வரைக்கும் இருந்த விதிப்படி, கோல் விழுந்திருந்தா திரும்ப உதைக்கணும்னு இருந்தது. விழலைன்னா எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்தாங்க. எழுதும்போது சுலபமா இருக்கு. ஆனா விசில் ஊதின கையோட முடிவு சொல்லணும். ஆட்டம் மறுபடி தொடங்கிட்டா, அதுக்கப்புறம் நடுவரே நினைச்சாலும் மாத்த முடியாது. இங்கே வார இறுதியில சின்னப் பசங்க ஆடுற மைதானத்துப் பக்கம் போனா, விசிலோட நிக்கிறதும் ஒரு சின்னப் பையனாத்தான் இருப்பான். சுத்தி நின்னு அவனுக்கு விதி சொல்லிக் கொடுக்கிற அப்பாக்களைப் பார்க்கணுமே :-)

2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட். 2006 உலகக் கோப்பைக்கான ஆசிய ப்ளே ஆஃப். பஹ்ரைனுக்கு எதிரா உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னிலை, கூடவே ஒரு பெனால்டி. அது கோலும் ஆச்சு. ஆனா உஸ்பெக் வீரர் ஒருத்தர் முன்னாடியே உள்ளே ஓடிட்டார். திரும்ப உதைக்கச் சொல்ல வேண்டிய ஜப்பான் நடுவர், பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துட்டார். ஆட்டம் 1-0லயே முடிஞ்சது. 3-0ன்னு அறிவிக்கணும்னு உஸ்பெகிஸ்தான் புகார் கொடுத்தது. ஃபிஃபா என்ன செஞ்சது தெரியுமா? மொத்த ஆட்டத்தையும் ரத்து பண்ணி முதல்லேர்ந்து ஆடச் சொன்னது! அக்டோபர் 8ல 1-1. நாலு நாள் கழிச்சு பஹ்ரைன்ல 0-0. வெளியூர் கோல் கணக்குல உஸ்பெகிஸ்தான் வெளியே. பாதிக்கப்பட்டவனே புகார் கொடுத்து, கையில இருந்த வெற்றியையும் தொலைச்ச கதை. எனக்கு இது இன்னைக்கும் அநியாயமாத்தான் படுது.

அடுத்தது 2015 ஏப்ரல் 4, பெல்ஃபாஸ்ட். 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்று. நார்வே 2-1 முன்னிலை. 96வது நிமிஷத்துல இங்கிலாந்துக்கு பெனால்டி. லியா வில்லியம்சன் அடிச்சு கோல். இங்கேயும் இங்கிலாந்துக்காரப் பொண்ணு ஒருத்தி சீக்கிரம் உள்ளே நுழைஞ்சுட்டா. ஜெர்மன் நடுவர் அச்சு அசல் அதே தப்பைப் பண்ணினார், நார்வேக்கு ஃப்ரீ கிக்!

உள்ளே வந்தாளா இல்லையாங்கிறது நடுவர் கண்ணுல பட்ட சங்கதி. அதுல அவர் சொன்னதுதான் முடிவு. வந்தான்னு தீர்மானிச்ச பிறகு எந்த விதியைப் போடணும்ங்கிறது சட்டம். அதுல தப்பினா முறையிட வழி உண்டு. இங்கிலாந்து முறையிட்டது. யூஈஎஃப்ஏ இந்த முறை மொத்த ஆட்டத்தையும் கலைக்கலை. பெனால்டியிலிருந்து மிச்சமிருந்த 18 நொடியை மட்டும் ஆடச் சொன்னது. ஏப்ரல் 9 ராத்திரி பத்தே முக்காலுக்கு, அன்னைக்கே வேற ஒரு ஆட்டம் ஆடி முடிச்ச களைப்போட ரெண்டு அணியும் வந்து நின்னாங்க. நடுவரும் மாறியாச்சு.

தாஷ்கண்ட் தீர்ப்பை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் முழு நியாயம்னு சொல்லிட முடியாது. சூட்டோட சூடா உதைக்கிறதும், அஞ்சு நாள் ராத்தூக்கம் கெட்டு யோசிச்சுட்டு வந்து உதைக்கிறதும் ஒண்ணா? அதுவும் பதினெட்டு வயசுல.

லியா மறுபடியும் கோல் அடிச்சா. 2-2. அந்தக் கோடையில இஸ்ரேல்ல நடந்த இறுதிச் சுற்றுக்கு ரெண்டு அணியுமே தகுதி பெற்றன. பின்னாடி 2022லயும் 2025லயும் இங்கிலாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டன் இதே லியாதான்.

இன்னொரு விஷயம். 1891ல பெனால்டிங்கிற விதியே அயர்லாந்து சங்கம் கொண்டு வந்த தீர்மானத்தாலதான் வந்தது. யோசனை வில்லியம் மெக்ரம்ங்கிற கோல்கீப்பரோடது. அவரோட மில்ஃபோர்ட் கிராமம், பெல்ஃபாஸ்ட்லேர்ந்து கார்ல போனா ஒரு மணி நேரம்தான்.