மகாராஜா சீமையும் மலையேறிய குடிகளும்

1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர், வெள்ளையர் வெளியேறியதும் தம் சமஸ்தானம் தனிநாடாகும் என்று அறிவித்தார். போடிநாயக்கனூர்க்காரருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. போடிமெட்டைத் தாண்டினால் மகாராஜா சீமை. கங்காணியிடம் முன்பணம் வாங்கி, ஏலத்தோட்டத்தில் களை வெட்டவும் காய் எடுக்கவும் மலையேறியவர்களில் பெரும்பாலோர் மதுரை ஜில்லாக்காரர்கள். மேலே போனால் காசே வேறு. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். கடிதம் போடவும் சமஸ்தானத்துக்குத் தனி அஞ்சல் இருந்தது. மூணாறு தேயிலையோ டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. பிழைப்பு ஒரே மலையில்; ஆட்சி மட்டும் இரண்டு.

மன்னர் என்ற ஒரு தலை இருந்தால்தான் நாடு சிதறாது என்பது பழைய வாதம். 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் பத்மநாபதாசர் என்ற பெயரிலேயே ஆண்டார்கள். பக்தியும் ராஜவிசுவாசமும் ஒன்றாகிவிட்ட ஏற்பாடு அது. அந்த ஒற்றுமைக்குள் மலைக்கூலிக்கு எங்கே இடம்? 1877-ல் பூஞ்சாறு ராஜா கண்ணன் தேவன் மலைகளை மன்றோ துரைக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். ஏலக்காயோ 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அரசின் ஏகபோகம். 1904-ல் தோன்றிய ஸ்ரீமூலம் பிரஜா சபையிலும் நிலவரி கட்டியவரும் வியாபாரியுமே குடிகளின் பிரதிநிதிகள். மலையின் விளைச்சலைத் தன்னுடையதாக எண்ணிய அரசு, அதைப் பறித்த கைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1936 நவம்பர் 12-ல் கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர் ஒரு மன்னர்தானே என்று கேட்கலாம். உண்மை, பெரிய காரியம். ஆனால் அது அரசர் தந்த கொடை. தராமல் விட்டிருந்தால் மலைக்கூலி எந்தச் சபையில் போய்க் கேட்டிருப்பான்? மலைக்குக் கீழே மட்டும் என்ன வாழ்ந்தது என்பது இன்னும் கூர்மையான கேள்வி. போடியிலும் ஜமீன்தான், 1937 தேர்தலில் சென்னை மாகாணத்திலும் சொத்தோ படிப்போ இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஓட்டு கிடையாது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல்தான் வந்தது. ஆகவே வெள்ளையர் சீமை உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மொழி ஒன்றாக இருந்தால் போதும் என்பதும் கதைக்கு உதவாது, சி.பி.யே தமிழர்தான்.

மன்னராட்சிக்கும் மக்களாட்சிக்கும் உள்ள வேறுபாடு தெரிவது இரண்டு துப்பாக்கிச் சூடுகளில். 1946 அக்டோபரில் புன்னப்புரா, வயலாரில் சி.பி.யின் படை தொழிலாளரைச் சுட்டது. திவானைப் பதவியிலிருந்து இறக்க அதிகாரமுள்ள சபை அங்கே இல்லை. 1947 ஜூலை 25-ல் ஒருவர் அவரை வெட்டிக் காயப்படுத்தினார். அடுத்த சில நாட்களில் மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார். 1948 பிப்ரவரியில் வயதுவந்தோர் அனைவருக்கும் ஓட்டு கிடைத்தது. அந்தத் தேர்தலில், தமிழ்ப் பகுதிகள் சென்னையோடு சேர வேண்டும் என்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது. 1954-ல் அதே கோரிக்கையோடு மலைத் தாலுகாக்களான தேவிகுளம், பீர்மேட்டில் கிளர்ச்சி கிளம்பி தெற்கே பரவ, ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் சுட்டது. சுட்டது மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிதான். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளை விலக வேண்டும் என்று அவர் கட்சியின் தலைவர்களில் ஒருவரான லோகியாவே பகிரங்கமாகச் சொன்னார். 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவை சட்டசபையில் கவிழ்ந்தது. காரணம் துப்பாக்கிச் சூடு ஒன்றே அல்ல என்றாலும், முடிவு நடந்தது ஓட்டெடுப்பில்; கத்தியில் அல்ல.

மலைத் தமிழர் எல்லை மாற்றம் கேட்டது நாட்டைப் பிளக்கும் செயல் என்று அன்று சிலர் கண்டித்தார்கள். யாரைப் பார்த்து? இந்தியாவை விட்டே போக நினைத்தது அரண்மனை. தோட்டத் தொழிலாளர் கேட்டது இந்தியாவுக்குள் பக்கத்து மாநிலம். அதுவும் கிடைக்கவில்லை: 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.