கோப்பில்லா நிரலின் பெயர்: லுவாவின் நினைவக ஏற்றமும் குற்றாலத்து நான்கு அருவிகளும்

"குற்றாலம் ஐந்தருவி நீர்வரத்து" என்று ஒரு நிரல், "குற்றாலம் ஐந்தருவி எச்சரிக்கை" என்று இன்னொரு நிரல். இரண்டுமே வட்டில் கோப்பாக இல்லை. தாய்ச்செயலி அவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, நினைவகத்தில் வைத்து, தன்னுள் பொதிந்திருக்கும் லுவா இன்டர்பிரெட்டரிடம் தருகிறது. ஒன்றின் 12ஆம் வரியில் பிழை நேர்ந்தால் செய்தி "Module:குற்றாலம் ஐந்தருவி", வரி 12 என்று வரும். மற்றதில் நேர்ந்தாலும் அதே செய்திதான் வரும். எந்த நிரலின் 12ஆம் வரி என்பது அதில் இல்லை. பெயர் வெட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான புள்ளிகளோ சிதைந்த எழுத்தோகூட இல்லை. இந்த விளைவு தற்செயலானதல்ல என்பதும், நினைவக ஏற்றத்தைப் பற்றி நிலைபெற்றுவிட்ட ஒரு கருத்தின் குறையை இது காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கருத்து இதுதான்: நினைவகத்திலிருந்து நிரலை ஏற்றுவது என்பது கோப்பிலிருந்து ஏற்றுவதில் வட்டைத் தொடும் படியை மட்டும் விட்டுவிடுவது, மிஞ்சுவது வேகமும் வசதியும் மட்டுமே, ஏற்றும்போது தரப்படும் பெயர் பிழைச்செய்திக்கான ஓர் அலங்காரம். லுவாவின் கையேடு அந்தப் பெயரை ஒரே வாக்கியத்தில், பிழைச்செய்திக்கும் பிழைநீக்கத் தகவலுக்கும் பயன்படுவது என்று சொல்லி முடிப்பதால் இந்த வாசிப்பு எளிதில் பரவிவிட்டது. கையேட்டை மட்டும் படித்தால் அதில் தவறு தெரியாது. மூலநிரலையும் சேர்த்துப் படித்தால் அது நிற்காது என்பது என் கருத்து.

லுவா 4.0 (2000) கோப்புக்கும் நினைவகச் சரத்துக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் வைத்திருந்தது. ஏற்றுவதையும் இயக்குவதையும் அவை ஒன்றாகச் செய்தன. 5.0இல் (2003) அந்த அமைப்பு மாறியது. மையத்தில் ஒரே ஒரு ஏற்றச் செயற்கூறு. அது கோப்பை அறியாது. பைட்டுகளைத் துண்டு துண்டாகத் தரும் ஒரு வாசிப்பானையும் ஒரு பெயரையும் மட்டுமே கேட்கும். கோப்பிலிருந்து ஏற்றும் 'லோட்ஃபைல்', நினைவகத்திலிருந்து ஏற்றும் 'லோட்பஃபர்' இரண்டும் அதன்மேல் கட்டிய துணை நூலகச் செயற்கூறுகள். ஆக 5.0 முதல் கோப்பு ஏற்றம்தான் சிறப்பு நிலை. கோப்பு தன் பெயரைத் தானே கொண்டுவருகிறது. நினைவகத்தில் இருக்கும் சரத்துக்குப் பெயர் கிடையாது. யாராவது வைத்தாக வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் பெயர் வரை போகவும் வேண்டாம். 'லோட்ஃபைல்' முதல் வரி '#' குறியில் தொடங்கினால் அதைத் தாண்டிச் செல்லும். 'லோட்பஃபர்' தாண்டாது, அதே பைட்டுகளை இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்பும். 5.2 முதல் 'லோட்ஃபைல்' கோப்பின் தலையில் உள்ள யூடிஎஃப்-8 அடையாளக் குறியின் மூன்று பைட்டுகளையும் விழுங்கிவிடும். நினைவக ஏற்றம் முதல் பைட்டான 239இலேயே நின்றுவிடும். தமிழில் எழுதுவோர் நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தபோது இந்த அடையாளம் 2019 வரை பல காலம் தானாகவே சேர்ந்து வந்தது. கோப்பாக ஓடிய நிரலைத் தரவுத்தளத்தில் ஒட்டியதும் அது ஓடாமல் போனால், காரணத்தை நிரலின் எழுத்தில் தேடிப் பயனில்லை.

இனிப் பெயருக்கு வருவோம். லுவா நிரற்பெயரின் முதல் குறியைப் பார்த்து மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறது. '@' இருந்தால் அது கோப்புப் பெயர். நீளம் மிகுந்தால் முன்பகுதியை வெட்டி, மூன்று புள்ளியிட்டு, வால்பகுதியைக் காட்டும். '=' இருந்தால் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும்; நீளம் மிகுந்தால் வால்பகுதியை வெட்டும், புள்ளி இடாது. இரண்டும் இல்லையென்றால் தரப்பட்டதை நிரலின் உரையாகவே கருதி, 'ஸ்ட்ரிங்' என்ற அடைப்புக்குள் முதல் வரியை மட்டும் காட்டும். மூன்றுக்கும் மேல்வரம்பு ஒன்றே: அமைப்புக் கோப்பில் மாற்றாதவரை 60 பைட், அதில் ஒன்று முடிவுக்குறிக்கு.

விவாதத்துக்குரிய சான்று இங்கேதான் வருகிறது. விக்கிமீடியா தளங்களில் 2013 முதல் லுவாவை இயக்கும் ஸ்கிரிபன்டோ நீட்சி, மாட்யூல் பக்கத்தின் உரையை நினைவகத்திலிருந்தே ஏற்றுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் தகவற்சட்டங்கள் உட்பட எத்தனையோ வார்ப்புருக்கள் இந்த வழியில்தான் ஓடுகின்றன. ஏற்றும் இடத்தில் மாட்யூல் பெயரின் முன் '=' குறி சேர்க்கப்படுகிறது. அருகிலுள்ள நிரற்குறிப்பு அதற்கு இரண்டு காரணம் சொல்கிறது: 'ஸ்ட்ரிங்' அடைப்பு வராது, பெயர் வெட்டுப்படாது. முதல் காரணம் சரி. இரண்டாவதை இதுவரை படித்தவர்கள் அப்படியே ஏற்றிருக்கிறார்கள். ரோமன் எழுத்துப் பெயர்களை மனத்தில் கொண்டால் ஏற்கவும் முடியும்: 'Module:' என்ற ஏழு பைட் முன்னொட்டு போக 52 எழுத்துக்கு இடமிருக்கிறது, பெரும்பாலான பெயர்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் '=' வெட்டைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. அதுவும் ஆங்கிலப் பெயருக்குத் தள்ளிப்போடும் தூரம் வேறு, தமிழ்ப் பெயருக்கு வேறு.

யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டெண்ணும் 3 பைட். புள்ளிக்கும் 3, உயிர்க்குறிக்கும் 3. 'வி' என்ற ஓர் எழுத்துக்கு 6. எனவே 52 பைட்டில் 17 குறியீட்டெண்களே முழுதாக அடங்கும். எழுத்தாக எண்ணினால் பத்துப் பன்னிரண்டு. மாட்யூல் என்ற முன்னொட்டையும் தமிழில் எழுதும் தளத்தில் இன்னும் குறையும்.

குற்றாலத்து அருவிகளின் பெயரை வைத்தே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 'குற்றாலம்' 27 பைட், இடைவெளி ஒன்று, 'ஐந்தருவி' 24. கூட்டினால் சரியாக 52. பின்னால் 'நீர்வரத்து' என்று வந்தாலும் 'எச்சரிக்கை' என்று வந்தாலும் அதற்கு இடமில்லை. வெட்டு சொல்லின் எல்லையிலேயே விழுவதால் மிஞ்சுவது முழுமையான பெயர் போலவே தோன்றும். பேரருவியை எடுத்தால் 'குற்றாலம் பேரருவி' என்பதும் அடுத்த இடைவெளியும் போக 2 பைட் மிஞ்சும். அதில் அடுத்த சொல்லின் முதல் குறியீட்டெண் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடும். அந்த முறிந்த துண்டாவது வேறுபாட்டைக் காட்டுமா? காட்டாது. 'ந'வுக்கும் 'எ'வுக்கும் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே. மூன்றாவதில்தான் அவை பிரிகின்றன. சிற்றருவியின் நிலை இன்னும் மோசம். வெட்டு கடைசி 'வி'யின் நடுவில், வகரத்துக்கும் இகரக் குறிக்கும் இடையில் விழுகிறது. 'குற்றாலம் சிற்றருவ' என்று மிஞ்சும். பைட் கணக்கில் ஒரு குறையும் இல்லாத, தமிழில் இல்லாத ஒரு சொல். பழைய குற்றாலம் மட்டும் ஓரளவு தப்புகிறது: பெயர் முடிந்து அடுத்த சொல்லில் மூன்று குறியீட்டெண்கள் மிஞ்சுவதால் 'நீர' என்றும் 'எச்' என்றும் இரண்டையும் பிரித்தறியலாம்.

ஒரே ஊர், ஒரே விதி, நான்கு அருவிகளில் நான்கு விளைவுகள். நான்கில் முறிந்த எழுத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அது கண்ணுக்குத் தெரிவதால். என் பார்வையில் ஐந்தருவியின் விளைவே மிகக் கேடானது. முறிந்த எழுத்து, ஏதோ குறைகிறது என்றாவது சொல்லும். ஐந்தருவியில் இரண்டு நிரல்கள் ஒன்றாகிவிடுகின்றன, படிப்பவருக்கு ஐயமே எழுவதில்லை. பெயரை அலங்காரம் என்று கொள்ளும் வாசிப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது: கோப்பில்லாத நிரலுக்குப் பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

பெயரே வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 'லோட்ஸ்ட்ரிங்' நிரலின் உரையையே பெயராக எடுத்துக்கொள்ளும். 5.2 முதலான பதிப்புகளில் அடைப்பும் புள்ளிகளும் போக உரைக்குக் கிடைப்பது 45 பைட். முதல் வரி '-- ஐந்தருவி நீர்வரத்துக் கணக்கு' என்ற குறிப்புரையாக இருந்தால், 'நீர்வ' வரை சரியாக வந்து, அடுத்த ரகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் நின்று, பின்னால் மூன்று புள்ளிகள் வரும். செய்தியைப் பதியும் கருவி யூடிஎஃப்-8ஐக் கண்டிப்பாகச் சரிபார்ப்பதாக இருந்தால் அந்த முறிந்த இரண்டு பைட்டுக்காக முழுச் செய்தியையும் தள்ளிவிட வாய்ப்புண்டு. அப்போது பிழை நேர்ந்ததற்கான தடமே மிஞ்சாது.

முழுப்பெயர் பிழைநீக்கத் தகவலில் வெட்டுப்படாமல் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. ஆனால் பிழைச்செய்தியின் தலையில் ஒட்டப்படுவது குறும்பெயர்தான். பதிவேட்டில் சேர்வதும் பயனர் படியெடுத்து அனுப்புவதும் அதுவே. தமிழ்த் தளங்களில் உள்ள மாட்யூல்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரோடு கொண்டுவரப்பட்டவை, ஆகவே இது அரிதான சிக்கல் என்பது இன்னொரு தடை. அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பெயரை ரோமன் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்பதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நிரலை எழுதுபவரே இதைச் சரிசெய்துகொள்ளலாம் என்பதும் நடக்காது. ஸ்கிரிபன்டோ தன் சூழலிலிருந்து 'லோட்', 'லோட்ஸ்ட்ரிங்' இரண்டையும் நீக்கியிருக்கிறது. பாதுகாப்பு நோக்கிலும் நிரலை ஓட்டாமலே ஆராயும் நோக்கிலும் அது நியாயமான முடிவு. அதன் விளைவாகப் பெயரிடும் உரிமை முழுவதும் தாய்ச்செயலியிடம் போய்ச் சேர்கிறது. உரிமை அங்கே இருந்தால் பொறுப்பும் அங்கேதான்.

பிற மொழிகளும் இந்தப் பெயரின்மையை வெவ்வேறு விதமாக எதிர்கொண்டிருக்கின்றன. பெர்ல் 'இவால்' என்று எண்ணிட்டுப் பெயர் தருகிறது. வேறு பெயர் வேண்டுமென்றால் நிரலுக்குள்ளேயே வரிக்குறிப்பு எழுதலாம். ஜாவாஸ்கிரிப்டில் மூலமுகவரியைக் குறிப்புரையாகச் சேர்க்கும் வழக்கம் உலாவிகளின் பிழைநீக்கிகள் வழியாக வந்தது. பைத்தானின் தொகுப்புச் செயற்கூறு கோப்புப் பெயரைக் கேட்டே தீரும், கோப்பே இல்லாவிட்டாலும். பெயர் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இத்தனை மொழிகள் இத்தனை ஏற்பாடுகளைச் செய்திருக்க மாட்டா.

தமிழ்ப் பெயர்கள் கற்பனைச் சிக்கல் அல்ல என்பதற்கு எழில் மொழி ஒரு சான்று: முத்து அண்ணாமலை உருவாக்கி, பைத்தானில் இயங்கும் அந்த மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். ஐந்தருவியின் அக்கம்பக்கத்திலும் இந்தக் கேள்வி அந்நியமல்ல. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோவின் அலுவலகம் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் டெலூஜ் ஸ்கிரிப்ட் மொழியில் வாடிக்கையாளர் உலாவியிலேயே நிரல் எழுதுகிறார். கோப்பு என்ற ஒன்றை அவர் பார்ப்பதே இல்லை. டெலூஜின் உட்பொறி வெளிப்படையானதல்ல, ஆகவே இந்த ஆய்வு அதைத் தொடவில்லை. ஆனால் கோப்பில்லா நிரலாக்கம் இந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு அன்றாட வேலை. அவர்களில் ஒருவர் தன் நிரலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் அந்தப் பெயர் முழுதாகத் திரும்பி வர வேண்டும்.

தாய்ச்செயலி எழுதுவோருக்கு மூன்று பரிந்துரைகள். பெயரின் முன் '=' இடும் முன் பைட் நீளத்தை எண்ணுங்கள்; 59ஐத் தாண்டினால் எழுத்தின் எல்லையில் நீங்களே சுருக்கி, ஓர் அடையாள எண்ணைச் சேருங்கள். லுவாவை நீங்களே தொகுப்பதாக இருந்தால் அந்த 60ஐ உயர்த்துங்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றம் போதும். வெளியார் தரும் நிரலை ஏற்றும்போது, 5.2 முதல் கிடைக்கும் முறைக் குறியீட்டால் உரைநிரலை மட்டும் ஏற்றுங்கள். தீய நோக்கில் செய்த இருமநிரல் இன்டர்பிரெட்டரையே வீழ்த்தலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. '@' இடுவதும் வால்பகுதியைக் காக்கும். ஆனால் சில கருவிகள் இல்லாத கோப்பைத் தேடிப் போகும் என்பதால் அதை இரண்டாம் வழியாகவே கொள்ள வேண்டும்.

தமிழில் மாட்யூல் எழுதுவோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாம் பெயரை ஊரில் தொடங்கிப் பொருளில் முடிக்கிறோம். வெட்டு விழுவது பொருளின்மேல். 'நீர்வரத்து: குற்றாலம் ஐந்தருவி' என்று பொருளை முன்னே வையுங்கள். வால் போனாலும் எந்த நிரல் என்பது தெரியும்.